கை வலித்தால் டிரிம்மைப் பாருங்கள்: சின்ன விமானத்தின் எலிவேட்டர் டிரிம் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள சுபாங் விமான நிலையத்தில் காலைப் பயிற்சியை முடித்துவிட்டு இறங்கிய ஒரு தம்பி, செஸ்னாவின் கதவைத் திறந்ததும் இடது மணிக்கட்டை உதறிக்கொண்டே சொன்னான்: "கேப்டன், யோக் ரொம்ப கனமா இருக்கு. கேபிள்ல ஏதோ பிரச்சினைன்னு நினைக்கிறேன்." யோக் என்பது மூக்கை ஏற்றி இறக்க நாம் பிடிக்கும் கைப்பிடி. உள்ளே எட்டிப் பார்த்தேன். டிரிம் சக்கரத்தின் முள் டேக்-ஆஃப் (புறப்பாடு) குறியிலேயே இருந்தது. அதாவது புறப்பட்டதிலிருந்து இறங்கும் வரை அந்தச் சக்கரத்தை அவன் தொடவே இல்லை. ஒரு மணி நேரம் முழுக்கக் கை பலத்திலேயே பறந்திருக்கிறான். கேபிளில் எந்தக் கோளாறும் இல்லை.

இப்படி வரும் புகார்களில் பெரும்பாலானவை டிரிம்மை எப்போது திருப்புவது என்ற ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். சில மட்டும் உண்மையான இயந்திரக் கோளாறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதற்காக, விமானம் என்ன செய்கிறது என்பதை வைத்து வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். நான் அதிகம் பறந்தது செஸ்னா 172 என்பதால் எண்களும் திசைகளும் அதற்குரியவை. உங்கள் விமானத்தின் கையேடு வேறு சொன்னால் கையேட்டைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் டிரிம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்

வால் பக்கம் போய், யோக்கை இழுத்தால் மேலும் தள்ளினால் கீழும் அசையும் எலிவேட்டரின் வலது பாதியில் பின்விளிம்பைப் பாருங்கள். அங்கே சின்னதாக ஒரு தகடு கீலில் ஆடும். அதுதான் டிரிம் டேப். உள்ளே சக்கரத்தைத் திருப்பினால் சங்கிலியும் கேபிளும் வால் வரை போய் ஒரு திருகுத் தண்டைச் சுழற்றும். அது இந்தத் தகட்டை மேலோ கீழோ தள்ளும். தகடு கீழே இறங்கினால் காற்று அதை மேலே தள்ளும், கூடவே எலிவேட்டரும் மேலே போகும், வால் இறங்கும், மூக்கு ஏறும். நீங்கள் யோக்கை இழுத்துப் பிடிப்பதற்குப் பதிலாகக் காற்றே இழுத்துப் பிடிக்கிறது.

பிடிப்பது காற்று என்பதால் அந்தப் பிடி காற்றின் வேகத்தைப் பொறுத்தது. 105 நாட்டுக்கு (நாட் என்பது வேக அளவு, மணிக்கு ஒரு கடல் மைல்) சரியாக வைத்த டிரிம் 75 நாட்டில் சரியாக இருக்காது. டிரிம் உங்களுக்காகப் பிடித்து வைப்பது வேகத்தை, உயரத்தை இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படித்தால் பாதி அறிகுறிகளுக்குக் காரணம் தானாகவே தெரிந்துவிடும்.

வைக்கும் முறை இதுதான். யோக்கால் மூக்கை வேண்டிய இடத்தில் வையுங்கள். பவரை வையுங்கள். வேகம் நிலைக்கும் வரை கையாலேயே பிடித்திருங்கள். அப்புறம்தான் வலது கை சக்கரத்துக்குப் போக வேண்டும். யோக்கை முன்னால் தள்ளிப் பிடித்திருந்தால் சக்கரத்தை விரலால் மேல்நோக்கி உருட்டுங்கள். இழுத்துப் பிடித்திருந்தால் கீழ்நோக்கி. உள்ளங்கையில் உறைக்கும் கனம் குறைந்துகொண்டே வரும். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் யோக்கைத் தொட்டிருக்கும் அளவுக்கு வந்ததும் அந்த இரண்டையும் மெல்லத் திறந்து பாருங்கள். மூக்கு அடிவானத்தை விட்டு நகரவில்லை என்றால் முடிந்தது. நகர்ந்தால் மறுபடி கையால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ஒரு விரலளவு மட்டும் திருத்துங்கள்.

யோக்கை முழங்கையால் இறுக்கிப் பிடித்திருந்தால் இந்தக் கனம் விரலுக்குத் தெரியவே தெரியாது. பல மாணவர்களுக்கு டிரிம் வராததற்குக் காரணம் இந்த இறுக்கமான பிடிதான்.

ஏறி முடித்து லெவல் ஆன பிறகும் மூக்கு ஏறிக்கொண்டே போகிறது

அதிகம் வரும் புகார் இது. 75 நாட்டில் ஏறிக்கொண்டிருந்தீர்கள், அதற்கு டிரிம் செய்திருந்தீர்கள். 2,000 அடி வந்ததும் மூக்கை இறக்கி, பவரைக் குறைத்து, உடனே சக்கரத்தை உருட்டிக் கனத்தை எடுத்துவிட்டீர்கள். அந்த நொடியில் வேகம் 85 தான் இருக்கும். டிரிம் 85-க்கு உட்கார்ந்துவிட்டது. ஆனால் விமானம் இன்னும் வேகம் பிடித்துக்கொண்டிருக்கிறது. 90, 95 என்று ஏற ஏற மூக்கும் மேலே கிளம்பும். நீங்கள் மறுபடி உருட்டுவீர்கள், அது மறுபடி ஏறும். கடைசியில் 2,200 அடியில் இருப்பீர்கள். சுபாங்கைச் சுற்றியுள்ள வான்வெளியில் 200 அடி தாண்டுவது சின்ன விஷயம் கிடையாது. ரேடியோவில் கேள்வி வரும்.

லெவல் ஆகும்போது வரிசை இது: மூக்கு, பவர், டிரிம். மூக்கை இறக்கிப் பிடியுங்கள். ஏறும் பவரை உடனே குறைக்காமல் வேகம் ஏற விடுங்கள். குரூஸ் (நேராகப் பறக்கும்) வேகத்தை நெருங்கியதும் பவரைக் குறையுங்கள். இதற்கெல்லாம் ஒரு நிமிடம் வரை ஆகலாம். அந்த நேரம் முழுக்க யோக்கை முன்னால் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும், கை கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். பொறுக்க முடியவில்லை என்றால் நடுவில் ஒருமுறை தோராயமாகக் கொஞ்சம் உருட்டிக் கனத்தைப் பாதியாக்கிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் கடைசித் திருத்தம் வேகமுள் நின்ற பிறகுதான்.

ஏறத் தொடங்கும்போது வரிசை மாறும்: பவர், மூக்கு, டிரிம். இறங்கும்போதும் அதுவேதான். மூன்றிலும் டிரிம் கடைசியில் வருவதைக் கவனியுங்கள்.

மூக்கு மேலும் கீழும் ஊஞ்சலாடுகிறது, 100 அடி ஏறி 100 அடி இறங்குகிறது

யோக்கை விட்டுவிட்டு டிரிம் சக்கரத்தாலேயே விமானத்தை ஓட்டப் பார்க்கிறீர்கள். சக்கரத்தைத் திருப்பினால் மூக்கு உடனே போய் ஒரு இடத்தில் நிற்காது. புது வேகத்தைத் தேடி விமானம் மெல்ல ஏறும், வேகம் குறையும், அதனால் இறங்கும், வேகம் கூடும், மறுபடி ஏறும். ஒரு சுற்றுக்கு அரை நிமிடம்கூட ஆகலாம். தானாக விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். நீங்கள் ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒவ்வொரு இறக்கத்திலும் சக்கரத்தைத் தொட்டால் ஊஞ்சலை நீங்களே தள்ளிவிடுகிறீர்கள்.

சக்கரத்திலிருந்து கையை எடுங்கள். யோக்கால் மூக்கை அடிவானத்துக்குக் கீழே உங்களுக்குத் தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடிக்கு வெளியே பாருங்கள். ஏற்ற இறக்க முள்ளைத் துரத்தாதீர்கள், அது பின்தங்கித்தான் காட்டும். வேகம் நின்றதும் முன்பு சொன்ன முறையில் ஒரே தடவை டிரிம் செய்யுங்கள்.

நல்ல டிரிம்தான், ஆனால் பிற்பகலில் மட்டும் நிற்கவில்லை

அது டிரிம் இல்லை, வெயில். சுபாங்கைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கின் மேல் பதினொரு மணிக்குப் பிறகு சிமெண்ட்டும் தாரும் சூடேறிக் காற்று குமிழ் குமிழாக மேலே வரும். ஒவ்வொரு குமிழுக்கும் டிரிம் திருத்தினால் நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மூக்கைப் பிடித்திருங்கள், 50 அடி ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். டிரிம் பழக வேண்டும் என்றால் விடிகாலையில் போங்கள். காற்று அசையாத அந்த ஒரு மணி நேரத்தில் விரல் கற்றுக்கொள்வது பத்துப் பிற்பகலுக்குச் சமம்.

ஓடுபாதையில் மூக்கு தானாகத் தூக்குகிறது, அல்லது இழுத்தாலும் வர மாட்டேன் என்கிறது

தூக்குகிறது என்றால் போன லேண்டிங்கின் டிரிம் அப்படியே இருக்கிறது. 65 நாட்டுக்கு மூக்கு மேலே வைத்த டிரிம், முழு பவர் கொடுத்ததும் 50 நாட்டிலேயே மூக்கைத் தூக்கிவிடும். இறங்கியதும் நிற்காமல் மறுபடி புறப்படும் டச்-அண்ட்-கோ பயிற்சியில் இதுதான் அடிக்கடி நடக்கும். இறங்குவதற்காக விரித்த இறக்கைத் தகடான பிளாப்பை எடுப்போம், டிரிம்மை மறப்போம். உடனே யோக்கை முன்னால் அழுத்தி மூக்கைச் சரியான இடத்தில் பிடியுங்கள். பாதுகாப்பான உயரமும் வேகமும் வந்த பிறகு டிரிம்மைத் தொடுங்கள். இன்னும் தரையில்தான் ஓடுகிறீர்கள், முன்னால் ஓடுபாதை மிச்சம் இருக்கிறது என்றால் பவரை எடுத்து நிறுத்திவிடுங்கள். சுபாங் ஓடுபாதை 3,780 மீட்டர். செஸ்னாவுக்கு அதில் இடம் தாராளம்.

வர மாட்டேன் என்றால் எதிர்ப்பக்கம்: யாரோ மூக்கைக் கீழே டிரிம் செய்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். கொஞ்சம் பலமாக இழுத்தால் வரும். ஆனால் யோக் நகரவே இல்லை, எங்கோ இடிக்கிறது என்றால் அது டிரிம் இல்லை, நிறுத்தி வைக்கும்போது யோக்கைப் பூட்டும் கன்ட்ரோல் லாக்கை எடுத்தீர்களா என்பது முதல் கேள்வி. அதைத் தரையிலேயே கண்டுபிடிக்கத்தான் புறப்படும் முன் யோக்கை எல்லா மூலைக்கும் நகர்த்திப் பார்க்கச் சொல்கிறார்கள்.

செக்லிஸ்ட்டில் "டிரிம், டேக்-ஆஃப்" என்று வாயால் சொல்லும்போது விரல் அந்தக் குறியைத் தொடட்டும். வாய் மட்டும் சொல்லிவிட்டுப் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பின்சீட்டில் இரண்டு பேர், டேக்-ஆஃப் குறியிலேயே வைத்தும் மூக்கு லேசாக இருக்கிறது

தீபாவளி லீவுக்கு மாமாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு சுற்றிக்காட்டப் போகும் நாளில் இது தெரியும். எடை பின்னால் போனதும் எடைமையம் பின்னால் நகர்கிறது, யோக் லேசாகிறது, அதே வேகத்துக்கு மூக்கைக் கீழே கூடுதலாக டிரிம் செய்ய வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டு எடைமையம் எல்லைக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லை தாண்டியிருந்தால் எந்த டிரிம்மும் காப்பாற்றாது. யாராவது ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும், அத்தை கோபித்துக்கொண்டாலும் சரி.

ஃபைனலில் வேகம் நிற்கவில்லை, கடைசியில் இழுக்கக் கை கனக்கிறது

ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்டின் வேகத்துக்கு வைத்த டிரிம்மோடு, ஓடுபாதையை நோக்கி நேராக இறங்கும் ஃபைனல் வரை வந்துவிட்டீர்கள். விமானம் இன்னும் 85-ஐத் தேடுகிறது, நீங்கள் 65-ஐக் கேட்கிறீர்கள், மிச்சத்தைக் கை சுமக்கிறது. கொஞ்சம் கவனம் சிதறினால் மூக்கு இறங்கும், வேகம் ஏறும், ஓடுபாதையின் மேல் மிதந்துகொண்டே போவீர்கள்.

பவர் குறைக்கும்போது ஒருமுறை, ஒவ்வொரு பிளாப்புக்கும் பிறகு ஒருமுறை, ஃபைனலில் வேகம் நிலைத்ததும் கடைசியாக ஒருமுறை டிரிம் செய்யுங்கள். 172-இல் பிளாப் இறக்கியதும் மூக்கு முதலில் மேலே கிளம்பும். அதற்கு யோக்கால் தள்ளிப் பிடியுங்கள், உடனே சக்கரத்துக்குப் பாயாதீர்கள். வேகம் குறைந்ததும் அந்தக் கனம் பாதி தானாகப் போய்விடும். முன்சீட்டில் இரண்டு பேர் மட்டும், பின்னால் காலி என்றால் எடைமையம் முன்னால் இருக்கும். அப்போது ஃபிளேரில் (தரை தொடும் முன் மூக்கைத் தூக்கும்போது) கை கனப்பது இயல்புதான். டிரிம் ஒழுங்காக இருந்தால் அந்தக் கனம் தாங்கும் அளவில் நிற்கும்.

ஃபிளேர் நேரத்திலேயே மூக்கு மேலே டிரிம் செய்து இறங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் அடுத்த அறிகுறி.

கோ-அரவுண்டில் முழு பவர் கொடுத்ததும் மூக்கு வானத்தைப் பார்க்கிறது

இந்தப் பட்டியலில் உயிரை எடுக்கக்கூடியது இதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன்.

முழு பிளாப், 65 நாட், பவர் குறைவு, அதற்கேற்ப மூக்கு நன்றாக மேலே டிரிம் செய்த நிலை. இப்போது முன்னால் ஒரு விமானம் ஓடுபாதையை விட்டு வெளியேறவில்லை, டவர் இறங்காமல் மறுபடி ஏறிச் சுற்றிவரச் சொல்கிறது, அதுதான் கோ-அரவுண்ட். பவர் கொடுக்கும் திராட்டிலை முழுதாகத் தள்ளுகிறீர்கள். புரொப்பல்லர் காற்று வாலை ஓங்கி அடிக்கிறது. டிரிம் டேப் அந்தக் காற்றில் எலிவேட்டரைத் தூக்குகிறது, மூக்கு சடாரென்று மேலே போகிறது. கூடவே இடது பக்கம் இழுக்கிறது. யோக்கை யாரும் பிடித்துத் தள்ளாவிட்டால் வேகம் விழுந்து, இறக்கை தாங்கும் பலத்தை இழக்கும் ஸ்டாலுக்குப் போகும், அதுவும் தரைக்கு 200, 300 அடி மேலே. பயிற்சிக் கையேடுகளில் இதற்கு எலிவேட்டர் டிரிம் ஸ்டால் என்றே பெயர் இருக்கிறது.

செய்ய வேண்டியது: திராட்டில் முன்னால் போகும் அதே நேரத்தில் இடது கை யோக்கை முன்னால் தள்ளத் தயாராக இருக்க வேண்டும். தள்ள வேண்டிய பலம் முதல் தடவை ஆச்சரியமாக இருக்கும். முழங்கையை மடக்காமல் தோளிலிருந்து தள்ளுங்கள். வலது ரட்டர் மிதியை அழுத்துங்கள். மூக்கு சரியான இடத்தில் நின்றதும் பிளாப்பை 20-க்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் சக்கரத்தை நாலைந்து தடவை மேல்நோக்கி உருட்டிப் பெருங்கனத்தை எடுங்கள். நுணுக்கமான திருத்தம் எல்லாம் பிறகு. டவருக்குப் பதில் சொல்வது அதற்கும் பிறகு.

இதை உயரத்தில் பயிற்றுநரோடு பழகிவிட்டுத்தான் தனியாகப் போக வேண்டும். 3,000 அடியில் லேண்டிங் நிலையில் டிரிம் செய்து, ஒரு கற்பனைத் தரையை வைத்துக்கொண்டு கோ-அரவுண்ட் செய்து பாருங்கள். அந்தத் தள்ளலின் பலம் ஒருமுறை கைக்குத் தெரிந்துவிட்டால் தரைக்குப் பக்கத்தில் கை தயங்காது.

கையை விட்டால் ஒரு பக்கம் சாய்கிறது

எலிவேட்டர் டிரிம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரட்டரில் கால் சரியாக இருக்கிறதா, சறுக்கலைக் காட்டும் கருவியில் பந்து நடுவில் நிற்கிறதா, இரண்டு இறக்கையிலும் எரிபொருள் சமமா என்று பாருங்கள்.

பைப்பருக்கு மாறியதும் சக்கரத்தைத் தேடிக் கை அலைகிறது

பைப்பர் பிஏ-28-இல் எலிவேட்டர் தனியாக இல்லை, வால்தளம் முழுதும் ஒன்றாக அசையும். அதன் பின்னால் உள்ள தகடு டிரிம் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. சக்கரம் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தரையில் இருக்கும். பழைய பிஏ-28-களான செரோக்கீகளில் தலைக்கு மேலே கூரையில் சுற்றும் கைப்பிடி இருக்கும், எந்தப் பக்கம் சுற்றினால் மூக்கு எங்கே போகும் என்பது அதில் பார்த்தவுடன் தெரியாது. எஞ்சின் போடும் முன் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை அங்கே கொண்டுபோய்ப் பழகுங்கள். இரண்டு பக்கமும் சுற்றி, வெளியே ஒருவரை நிறுத்தித் தகடு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லச் சொல்லுங்கள்.

சக்கரம் கனமாகச் சுற்றுகிறது, வழுக்குகிறது, அல்லது சுற்றியும் ஒன்றும் நடக்கவில்லை

இங்கேதான் இயந்திரம் தொடங்குகிறது. பினாங்கில் விமானம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இது அதிகம் பழக்கம். அங்குள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலையம் கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, உப்புக் காற்று எதையும் விடாது. அங்கே ஒரு 172-இன் வாலைப் பார்த்தபோது டிரிம் டேப்பின் கீல் ஊசி ஓரத்தில் காவி நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது, மழைத்தண்ணீர் துரு கரைந்து வடிந்த கோடு. தகட்டை இரண்டு விரலால் மெல்ல மேலும் கீழும் அசைத்தேன். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம், அதற்குப் பிறகுதான் பிடித்தது. அந்த "டிக்" என்பது தேய்மானம். ஓரளவு ஆட்டம் கையேட்டில் அனுமதிக்கப்பட்டிருக்கும். அது எவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டியவர் உரிமம் பெற்ற இன்ஜினியர். ஆட்டம் அளவு மீறினால் வேகத்தில் தகடு படபடக்கத் தொடங்கும், அது வாலையே உடைக்கக்கூடியது.

தரையில் இப்படி எதையாவது கண்டால் டெக் லாக்கில் (விமானத்தின் கோளாறுப் பதிவேட்டில்) எழுதுங்கள், பறக்காதீர்கள். எண்ணெய் விட்டுச் சரிசெய்கிறேன் என்று நீங்களே இறங்காதீர்கள். சக்கரம் எளிதாகச் சுற்றியும் தகடு அசையவில்லை என்றால் கேபிளோ சங்கிலியோ விட்டுப்போயிருக்கலாம். கனமாகச் சுற்றுகிறது என்றால் திருகுத் தண்டில் கிரீஸ் காய்ந்திருக்கலாம்.

பறக்கும்போது இறுகிவிட்டால் பலவந்தமாகத் திருப்பாதீர்கள், இன்னும் மோசமான இடத்தில் போய் நிற்கும். யோக் எந்த வேகத்தில் லேசாக இருக்கிறதோ அந்த வேகத்துக்குப் போங்கள். ஏறவும் இறங்கவும் பவரைப் பயன்படுத்துங்கள். டவரிடம் சொல்லுங்கள், நீளமான நேர் ஃபைனல் கேளுங்கள். பிளாப்பை உயரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் கனம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துவிட்டு, எது லேசோ அதோடு இறங்குங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் யோக்கைத் தாங்கச் சொல்லலாம்.

பட்டறையிலிருந்து வந்த பிறகு முள் ஒன்று சொல்கிறது, தகடு வேறு சொல்கிறது

ஒருமுறை பராமரிப்பு முடிந்து வந்த எங்கள் விமானத்தில் முள் டேக்-ஆஃப் குறியில் சரியாக நின்றது. கையெழுத்தெல்லாம் ஒழுங்காக இருந்தது. வாலைச் சுற்றி வந்தபோது, நான் எப்போதும் பார்க்கும் நிலையைவிடத் தகடு வெளிப்படையாக அதிகம் கீழே தொங்கியது. அப்படியே புறப்பட்டிருந்தால் ஓடுபாதையில் மூக்கு தூக்கியிருக்கும். திருப்பி அனுப்பினோம்.

இதற்காகவே, டேக்-ஆஃப் குறியில் முள் இருக்கும்போது உங்கள் விமானத்தின் தகடு எலிவேட்டரோடு எப்படி நிற்கும் என்பதை இன்றே போய்ப் பார்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையிலிருந்து வந்த நாளில் அதோடு ஒப்பிடுங்கள். அப்புறம் திசை: ஒருவர் உள்ளே, ஒருவர் வாலருகே. உள்ளே இருப்பவர் சக்கரத்தை மூக்கு-மேல் பக்கம் முழுதாக உருட்டட்டும். 172-இல் தகடு கீழே இறங்க வேண்டும். மூக்கு-கீழ் பக்கம் உருட்டினால் தகடு மேலே ஏற வேண்டும். வாலருகே இருப்பவர் தகடு போகும் பக்கத்தைச் சத்தமாகச் சொல்லட்டும். கேபிள் மாறிப் பூட்டப்பட்டிருந்தால் இங்கே தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் சரியாக வந்த பிறகு முள்ளைக் குறியில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கிப் போய்த் தகட்டை இன்னொரு தடவை பாருங்கள்.